மறதியா, நினைப்பில்லையா

ஹீ இஸ் என்று எழுதியாயிற்று, அதற்கு மேல் பேனா நகரமாட்டேன் என்கிறது. நாலு கோடு போட்ட காலி இடம், அதன் தலையில், நோயாளியின் சிரமத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறார்கள். நோயாளியாம். லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கிறது என்று இரண்டு மாடி படியேறி, எனக்கு முன்னால் வந்து நின்று, ‘என்ன வத்சலா, இதுக்கே மூச்சு வாங்குது’ என்று கேட்ட மனுஷர் நோயாளி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிய நான் நோயாளியின் உறவினர். வரவேற்பில் இருந்த பெண் என் புடவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘தமிழ் ஃபார்மா, இங்கிலீஷ் ஃபார்மா மேடம்’ என்று கேட்டாள், கேட்ட தோரணை பிடிக்காமல் இங்கிலீஷ் என்று சொன்னேனே, அந்த வாயை இப்போது கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதாகியும் கான்வென்ட்டில் படித்த திமிர் மட்டும் உதிரவில்லை, தலைமுடி உதிர்ந்துவிட்டது. தமிழ் ஃபார்மில் மறதி என்று ஒரே வார்த்தை போட்டிருப்பார்கள், நானும் ஆமாம், மறதிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவரைக் கூட்டிப்போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. நானும் கூடப் போக எழுந்தபோது அதே பெண், ‘நீங்க வெளியில இருங்க மேடம், வீட்டுக்காரம்மா கூட இருந்தா அவங்களே பதில் சொல்லிடறாங்க’ என்றாள். திமிர் பிடித்தவள். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் இந்த அட்டையையும் பேனாவையும் நீட்டி, ‘டாக்டர் டெஸ்டையும் பார்ப்பாங்க, நீங்க எழுதறதையும் பார்ப்பாங்க, கரெக்டா எழுதுங்க’ என்றாள். கரெக்டாக. இருபத்தொன்பது வருஷமாக இந்த மனுஷரைப் பற்றி நான் சொல்லாத வார்த்தை கிடையாது, வாசலில் சொல்லியிருக்கிறேன், சமையலறையில் சொல்லியிருக்கிறேன், அவர் தங்கை கல்யாணத்தில் பந்தியில் வைத்துச் சொல்லியிருக்கிறேன், எதையும் யாரும் எழுதி வாங்கி ஃபைலில் போடவில்லை. இன்றைக்கு ஒரு வார்த்தை, அதை வைத்து ஒரு மனுஷரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று முடிவு பண்ணப்போகிறார்கள்.

ஃபர்கெட்ஃபுல் என்று போடலாம். போட்டால் முடிந்தது, அதற்குத்தானே இந்த டாக்டர் கடை விரித்திருக்கிறாள். ஆப்சென்ட் மைண்டட் என்று போடலாம், அது கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவர் மாதிரி. கேர்லெஸ், அது ஸ்கூல் ரிப்போர்ட் கார்டில் எழுதுவது. தாட்லெஸ். அது என் வார்த்தை. வீட்டுக்குள் கோபம் உச்சிக்கு ஏறினால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும், யூ ஆர் எ தாட்லெஸ் மேன் என்று கத்துவேன், அவர் மகளிடம் திரும்பி ‘என்னம்மா சொல்றா உங்கம்மா’ என்பார், புரியாமல் இல்லை, என்னை இன்னும் கொஞ்சம் கொதிக்க வைக்க. சிஸ்டர் யூஃப்ரேசியா எங்களுக்கு எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தாள், ஒரே அர்த்தமுள்ள இரண்டு வார்த்தை உலகத்திலேயே கிடையாது, சோம்பேறிப் பெண்கள்தான் உண்டு என்பாள். ஜியாமெட்ரி பாக்ஸை வீட்டில் விட்டு வந்தவள் ஃபர்கெட்ஃபுல். ஜன்னல் வழியாகக் காக்கையைப் பார்த்துக்கொண்டு பாக்ஸ் கையிலிருக்கும்போதே பாக்ஸைத் தேடுபவள் ஆப்சென்ட் மைண்டட். அடுத்தவள் பாக்ஸை வாங்கி, அவளுக்கும் இன்றைக்குப் பரீட்சை என்று ஒரு கணம்கூடத் தோன்றாமல் வைத்துக்கொண்டவள் தாட்லெஸ். முதல் இரண்டுக்கும் ஸ்கேலால் ஓர் அடி, மூன்றாவதற்கு மட்டும் ஜெபக்கூடத்து வாசலில் முழங்கால் போட வேண்டும், ஏனென்றால் அது மூளையின் தப்பு இல்லை, இருதயத்தின் தப்பு. நான் நிறைய முழங்கால் போட்டிருக்கிறேன், இன்றைக்கு மூட்டு வலிப்பது அதனால்கூட இருக்கலாம். ஆனால் வீட்டில் என் அம்மாவுக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே வசவு, ‘நெனப்பே கெடையாதுடி உனக்கு.’ தமிழில் நினைப்பு என்றால் ஞாபகமும் அதுதான், யோசனையும் அதுதான், அடுத்தவர் மேல் வைக்கிற அக்கறையும் அதுதான், மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ‘என் நினைப்பு இருக்கா உங்களுக்கு’ என்று நான் இருபத்தொன்பது வருஷம் கேட்டேனே, நான் எதைக் கேட்டேன்? அவர் எதற்கு ம் என்றார்?

எல்லாம் அந்தப் பெட்ரோல் பங்க்கால் வந்தது. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போய்விட்டு வருகிறோம், ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை, பங்க்குக்குள் திருப்பினார். நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை, பங்க் வாசலிலேயே இறங்கிவிட வேண்டும், சீட்டைத் தூக்கித்தானே பெட்ரோல் போடுவார்கள், ஆண்கள் வரிசையில் நிற்பார்கள், நாம் அந்தப் பக்கம் நடந்துபோய், வெளியே போகும் வழியில், காற்று பிடிக்கிற இடத்தில் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நிற்போம், வண்டி வந்து நிற்கும், ஏறிக்கொள்வோம். நின்றேன். வண்டி வந்தது. நான் இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்து, புடவைக் கொசுவத்தைக்கூடத் தூக்கிப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு என்னைக் கடந்து, இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, அந்த மரியாதையெல்லாம் ரோட்டுக்கு உண்டு, போய்விட்டது. காற்று பிடிக்கிற பெரியவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். ‘அம்மா, சார் போயிட்டாரு’ என்றார். ‘தெரியுது’ என்றேன். ‘வந்துருவாரு, போன வாரம் ஒருத்தர் மாமியாரை விட்டுட்டுப் போனாரு, அவரே வந்துட்டாரு’ என்றார், ஆறுதலாக. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். என் பை, போன், பர்ஸ் எல்லாம் சீட்டுக்கு அடியில் வண்டியோடு போயிற்று. பெரியவர் தன் போனை எடுத்து நீட்டினார், ‘நம்பர் சொல்லுங்கம்மா, நான் அடிச்சுத் தரேன்.’ நான் வாயைத் திறந்தேன். தொண்ணூற்று நாலு நாற்பத்து மூன்று, அப்புறம்? அப்புறம் என்ன? பன்னிரண்டு வருஷமாக ஒரே நம்பர், தினம் நாலு தடவை கூப்பிடுகிறேன், பேரைத் தொட்டால் போகிறது, நம்பரை யார் பார்த்தார்கள். பெரியவர் விரலைப் போன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இதை மகளிடம் சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிட்டேன். ஃபார்மிலும் இதற்குக் கட்டம் இல்லை.

ஷேர் ஆட்டோவில் வந்து, எதிர்வீட்டில் காசு வாங்கி ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், டிவி முன்னால் இவர், கையில் முறுக்கு. ‘எங்க போயிட்ட, உன் போன் பைக்குள்ளயே அடிச்சுக்கிட்டே இருந்துச்சு’ என்றார். நான் கத்தினேன், தெருவே கேட்டிருக்கும், அந்தத் தாட்லெஸ்ஸும் வந்தது. கத்தினதெல்லாம் வழக்கம்தான், அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஓர் அரைக் கணம், நான் கதவைத் தள்ளியதும் அவர் நிமிர்ந்து பார்த்தாரே, அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, அசடு வழியவில்லை, சிரிப்பு இல்லை, துடைத்துவைத்த சிலேட் மாதிரி. அந்த முகத்தை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். அவருடைய அக்காவுக்கு, என் பெரிய நாத்தனார் சௌந்தரத்துக்கு, அறுபத்தாறு வயதில் ஆரம்பித்தது, முதலில் சாவியை அரிசி டின்னுக்குள் வைத்தாள், நாங்கள் சிரித்தோம், அப்புறம் ரசத்தைத் துளசிச் செடிக்கு ஊற்றினாள், அதற்கும் சிரித்தோம், கடைசி தீபாவளிக்கு நான் புடவை கொண்டுபோய் மடியில் வைத்தபோது, ‘இந்தம்மா யாரு, நல்லவங்களா இருக்காங்களே’ என்றாள், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்கும் இவருக்கும் ஒரே மூக்கு, ஒரே காது, தூக்கத்தில் ஒரே மாதிரி பல்லைக் கடிப்பது, இன்னும் என்னவெல்லாம் ஒன்றோ. மாதாவே என்று வாயில் வருகிறது, ஸ்கூல் பழக்கம், உடனே தாயுமானவரே என்று திருத்திக்கொள்கிறேன், இரண்டு பேரில் யாருக்குக் காதில் விழுந்தாலும் சரி. மகள் தேன்மொழி பெங்களூரில் இருந்து போனில், ‘அம்மா, நீ திட்டிட்டு விட்டுடற விஷயம் இல்ல இது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ’ என்றாள். ‘உங்கப்பா எப்பவுமே இப்படித்தான்டி’ என்றேன். ‘எப்பவும் இப்படித்தானா, இப்பதான் இப்படியா, அதை யோசிச்சு சொல்லும்மா’ என்றாள். வக்கீலுக்குப் படிக்க வைத்தது தப்பு.

காலி இடத்தை விட்டுவிட்டு மேலே இருக்கும் கட்டங்களையாவது முடிப்போம். பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால், என்று ஆரம்பிக்கிறது ஒவ்வொரு கேள்வியும். குடும்பத்தில் உள்ளவர்களின் பிறந்தநாளை நினைவு வைத்திருப்பதில்: மிக மோசம், கொஞ்சம் மோசம், மாற்றம் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பு என் பிறந்தநாளுக்கு என்ன செய்தார்? அன்றைக்கு ஆபீஸ் மேப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்து, அதன்மேல் நான் நடக்கக் கூடாது என்றார். மாற்றம் இல்லை, டிக். பொருட்களை எங்கே வைத்தோம் என்று நினைவு வைத்திருப்பதில். கல்யாணமான மூன்றாம் நாள் என் அப்பா போட்ட மோதிரத்தைத் தேடினார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மாற்றம் இல்லை, டிக். சில நாட்களுக்கு முன் பேசியதை நினைவில் வைப்பதில். முதலில் காதில் வாங்கினால்தானே. டிக். வழக்கத்துக்கு மாறான வேலைகளைச் சமாளிப்பதில். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஃப்ளாஸ்க் கொண்டுவரச் சொன்னால் மூடி மட்டும் கொண்டுவந்தவர். டிக், டிக். பேனா ஓடுகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, பக்கத்து நாற்காலியில் தூங்குகிற பெரியவரின் மகன் திரும்பிப் பார்க்கிறான். இத்தனை வருஷம் குற்றப்பத்திரிகை என்று சேர்த்து வைத்தேன், இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொன்றும் நற்சான்றிதழ். அன்றைக்கும் மறந்தார், ஆகவே இன்றைக்கு மறந்தது வியாதி இல்லை. தாட்லெஸ்ஸாகவே இருக்கட்டும் கடவுளே, இன்னும் முப்பது வருஷத்துக்குத் தாட்லெஸ்ஸாகவே இருக்கட்டும், பிறந்தநாளா, யாருக்கு வேண்டும் பிறந்தநாள், பங்க் பங்க்காக இறக்கிவிட்டுப் போகட்டும், நான் நடந்து வருகிறேன், ஹெல்மெட்டுக்குள் தலை இருக்கிறது, அதை நம் பக்கம் திருப்பவில்லை, அவ்வளவுதானே. திருப்பாத தலையும் தலைதான். சௌந்தரம் அக்கா கடைசியில் எவ்வளவு மரியாதையாக இருந்தாள், எவ்வளவு அன்பாக ‘நல்லவங்களா இருக்காங்களே’ என்றாள், அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது. தினசரி வேலைகளைத் தவறாமல் செய்வதில். என்ன தினசரி வேலை, ரிட்டயர் ஆனவருக்கு? பேப்பர், நடை, டிவி. வீட்டில் எல்லாம் நான்தானே என்று எழுதப்போனேன். எழுதப்போகும்போதே, நாக்கில் ஒரு சின்னக் கசப்பு மாதிரி, காலை ஐந்தரை மணி வந்து நின்றது. தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில், எழுந்ததும். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு மூடியில் மாத்திரை, பக்கத்தில் தம்ளரில் தண்ணீர், எறும்பு விழாமல் மேலே ஒரு தட்டு. கண்ணைத் திறக்காமலே கை நீட்டுவேன், இருக்கும், விழுங்குவேன். எட்டு வருஷம். அதை வைப்பது யார்? நான் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தபோது நான் நாலு நாள் மறந்தேன், ஐந்தாம் நாளிலிருந்து ஸ்டூலில் இருந்தது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரைக் குழாயைத் திருகினால் வருவது மாதிரி எடுத்துக்கொண்டேன். சிஸ்டர் யூஃப்ரேசியா, அடுத்தவள் பாக்ஸை வாங்கி எட்டு வருஷம் வைத்துக்கொண்டவளுக்கு என்ன பேர்? முழங்கால் போடச் சொன்னால் போட முடியாது, மூட்டு இடம் கொடுக்காது. சரி, அது போகட்டும், கேள்விக்கு வா, முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால், இப்போது தவறாமல் வைக்கிறாரா? இன்றைக்கு இருந்தது. நேற்று இருந்தது. போன செவ்வாய்க்கிழமை? போன மாதம் ஒரு நாள் கையை நீட்டி, ஸ்டூல் வெறுமையாக இருந்து, நானே எழுந்துபோய் எடுத்தேனா, அல்லது அது கனவா? ஒரு நாள் இரண்டு மாத்திரை இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. பார்த்தால்தானே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவளிடம் வந்து இவர்கள் சாட்சி கேட்கிறார்கள். ஹீ இஸ் என்று எழுதியதை அடித்தேன். அடித்துவிட்டு, வார்த்தை தேடுவதை விட்டுவிட்டு, நடந்ததை எழுதினேன்: ஒன்பதாம் தேதி என்னைப் பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். எட்டு வருஷமாக என் மாத்திரையை எடுத்து வைக்கிறார். ஒரு நாளாவது தவறினாரா என்று எனக்குத் தெரியாது, நான் கவனித்ததில்லை. நாலு கோடு சரியாக இருந்தது. வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் படித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு, ‘உட்காருங்கம்மா, கூப்பிடுவாங்க’ என்றாள். மேடம் எங்கே போயிற்றோ.

கூப்பிட்டார்கள். டாக்டருக்கு எங்கள் தேன்மொழி வயதுகூட இருக்காது. இவர் அவள் எதிரே, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் மேப் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், கடிகாரம் வரையச் சொன்னதற்கு ஸ்கேலும் காம்பஸும் கேட்டாராம், டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாள். ‘முப்பதுக்கு இருபத்தெட்டும்மா. தேதி ஒரு நாள் தப்பு, ஞாபகம் வச்சு சொல்லச் சொன்ன மூணு வார்த்தைல ஒண்ணு விட்டுட்டார். இந்த வயசுக்கு இது நல்ல மார்க். ரத்தத்துல வைட்டமின் பி ட்வெல்வ் பாத்துருவோம், ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க.’ ‘ரிட்டயர் ஆனவனுக்கு எதுக்கு தேதி’ என்று முணுமுணுத்தார். இருபத்தெட்டு. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், மாதாவுக்கும் தாயுமானவருக்கும் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கத் தெரியாமல் இரண்டு பேருக்கும் முழுசாகச் சொல்லிவைத்தேன். டாக்டர் என் ஃபார்மைப் பார்த்துவிட்டு அவரிடம், ‘சார், அன்னைக்கு அந்தப் பங்க்ல என்ன ஆச்சு’ என்றாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். ‘பின்னாடி இவ இருக்காங்கறது பழக்கமாயிடுச்சும்மா. இருக்கான்னு நினைச்சுத்தான் ஓட்டினேன். மாரீஸ் பாலம் வரைக்கும் பேசிக்கிட்டே வந்தேன். பதில் வரலை, சரி, கோவமா இருக்கான்னு விட்டுட்டேன்.’ டாக்டர் உதட்டைக் கடித்தாள். ‘வீட்டு வாசல்ல திரும்பினா ஆளக் காணோம். எங்க இறங்கினான்னு எவ்வளவு யோசிச்சும் வரலை. அக்கா ஞாபகம் வந்துருச்சு. திரும்பித் தேடப் போகக் கால் வரலை, உள்ள போய் உட்கார்ந்துட்டேன். இவ கதவைத் தள்ளிட்டு வந்ததும்தான் மூச்சே வந்துச்சு. சொன்னா இவ பயப்படுவா.’ அந்த முகம். துடைத்த சிலேட் இல்லை அது, பயந்த முகம், என்னை மாதிரியே, அதே அக்காவை நினைத்து, ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக. ‘அதுக்காக முறுக்கா தின்பாங்க’ என்றேன். ‘கை நடுங்குச்சு, எதையாவது பிடிச்சுக்கணும்ல’ என்றார்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, டெஸ்ட் தாளை என் பக்கம் திருப்பினாள். ‘கடைசியா, ஒரு முழு வாக்கியம், மனசுல தோணறதை எழுதுங்கன்னு கேப்போம். முக்கால்வாசிப் பேர் இன்னைக்கு வெயில் அதிகம்னு எழுதுவாங்க. பாருங்க.’ கோணல்மாணலான கடிகாரம் ஒன்று, ஸ்கேல் கொடுக்காத கோபம் அதில் தெரிந்தது. அதற்குக் கீழே, மேப்பில் ஊர்ப் பேர் எழுதுகிற அதே கையெழுத்து, அச்சடித்த மாதிரி: என் மனைவி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. படித்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. எனக்கென்று கட்டிவைத்த பொங்கல் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது, வீட்டைப் பூட்டும்போதும் அங்கேதான் இருந்தது, நாங்கள் பஸ்ஸில் வரும்போதும் அங்கேதான் இருந்தது, மணி பதினொன்றரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

‘ஒரு வாக்கியம்தானே கேட்டாங்க’ என்றேன். ‘எதுக்கு ரெண்டு எழுதினீங்க?’

‘முதல் வரியோட நிறுத்தினா நீ சும்மா உட்கார்ந்திருக்கற மாதிரி ஆயிடும்ல’ என்றார்.